நீதிமன்றச் சுருக்கெழுத்தர் ஆக என்ன படிக்க வேண்டும்? – வாசகர் கேள்வி பதில்

கோடை விடுமுறை முடியும் தறுவாயில் வேலைவாய்ப்புக் கேள்விகள் குவிவது வழக்கம். இம்முறை நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தராகச் சேர்வது பற்றி மதுரையிலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் கணிசமான கடிதங்கள் வந்திருப்பதால், இந்த இதழின் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: என் மகள் இந்த ஆண்டு பிளஸ் டூ முடித்திருக்கிறாள்; தமிழில் நல்ல மதிப்பெண். அமெரிக்காவில் இருக்கும் என் அண்ணன் மகள் அங்கே கோர்ட் ரிப்போர்ட்டர் படிப்பில் சேர்ந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டதிலிருந்து இவளும் அதையே படிக்க வேண்டும் என்கிறாள். மதுரையை விட்டு வெளியே அனுப்ப எங்களுக்கு வசதியில்லை. இங்கேயே படிக்க வழி உண்டா? எவ்வளவு காலம் ஆகும்?
– ஒரு தாய், திருமங்கலம்

பதில்: வழி உண்டு. ஆனால் உங்கள் அண்ணன் மகள் அங்கே கற்கும் வேலையும் நம் நீதிமன்றங்களில் நடக்கும் வேலையும் ஒன்றல்ல என்பதை உங்கள் மகள் முதலில் அறிந்துகொள்வது நல்லது. அங்கே வழக்கறிஞரின் கேள்வி, சாட்சியின் பதில், நீதிபதியின் குறுக்கீடு என அவையில் ஒலிக்கும் ஒவ்வொரு சொல்லையும் கோர்ட் ரிப்போர்ட்டர் அப்படியே பதிவுசெய்கிறார். நம் நாட்டில், அமர்வு நீதிமன்றமானால் சாட்சியத்தை நீதிபதி தம் கையால் எழுதலாம், திறந்த அவையில் சொல்லி எழுதச் செய்யலாம், அல்லது அவருடைய மேற்பார்வையில் நீதிமன்றப் பணியாளர் ஒருவர் எழுதலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருந்த இந்த ஏற்பாட்டையே தொடர்கிறது. கேள்வியையும் பதிலையும் தனித்தனியே எழுதாமல், சாட்சி தானே தொடர்ந்து சொல்லிக்கொண்டு போவதுபோல எழுதுவதே பொது வழக்கம். தேவை என்று நீதிபதி கருதும் இடத்தில் மட்டும் கேள்வியும் பதிலுமாகவே பதிவாகும்.

இது எப்படி நடக்கிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர், "சம்பவம் நடந்தப்ப நீங்க அந்த எடத்துலயே இல்ல, போலீஸ் சொல்லிக் கொடுத்ததச் சொல்றீங்க" என்கிறார். கூண்டில் நிற்கும் சாட்சி, "அது பொய்யிங்கய்யா, நான் அங்கனக்குள்ளதான் நின்னேன்" என்கிறார். நீதிபதி சொல்ல, தாளில் ஏறும் வாக்கியமோ இது: "சம்பவம் நடந்தபோது நான் அந்த இடத்தில் இல்லை என்றும், போலீசார் சொல்லிக்கொடுத்தபடி சாட்சியம் அளிக்கிறேன் என்றும் சொன்னால் சரியல்ல." இந்தச் 'சொன்னால் சரியல்ல' என்ற முடிப்பு ஒரே சாட்சியத்தில் பக்கத்துக்கு ஐந்தாறு முறை வரும். அதை 'சரி' என்று மாற்றி அடித்துவிட்டால், மறுத்த சாட்சி ஒப்புக்கொண்டவராகிவிடுவார். சாட்சிக்கு அதைப் படித்துக் காட்டும்போது அவரும் கவனிக்கத் தவறினால், மேல்முறையீட்டில் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வாதாடுவார்கள். ஆகவே விரல் வேகத்தைப் போலவே, பேச்சுத் தமிழ் எழுத்துத் தமிழாக மாறும் இடத்தில் பொருள் வழுவாமல் பார்த்துக்கொள்ளும் கவனமும் இந்த வேலைக்கு வேண்டும். தமிழில் நல்ல மதிப்பெண் பெற்ற பெண் என்று எழுதியிருக்கிறீர்கள். அது இங்கே உண்மையிலேயே பயன்படும் தகுதி.

இனிப் படிப்பு. நம் மாநிலத்தில் இதற்கென்று 'கோர்ட் ரிப்போர்ட்டர்' பட்டமோ பட்டயமோ தேவையில்லை. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் அரசுத் தொழில்நுட்பத் தேர்வுகளில் தட்டச்சு, சுருக்கெழுத்து இரண்டிலும் தேறியிருக்க வேண்டும், அவ்வளவுதான். தட்டச்சில் லோயர் எனப்படும் இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையர் எனப்படும் முதுநிலைக்கு 45 சொல். சுருக்கெழுத்தில் இளநிலைக்கு 80, இடைநிலைக்கு 100, முதுநிலைக்கு 120. அதற்கு மேல் 150இல் தொடங்கும் உயர்வேகத் தேர்வுகள். இவை ஆண்டுக்கு இருமுறை நடைபெறுகின்றன. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி இருந்தால் இளநிலைத் தட்டச்சு எழுதலாம் என்பதால் உங்கள் மகள் இன்றே தொடங்கலாம். இவற்றோடு, அலுவலகத் தானியங்கல் கணினிச் சான்றிதழ் என்று ஒன்று உண்டு, சி.ஓ.ஏ. என்று சொன்னால் எந்தத் தட்டச்சுப் பயிலகத்திலும் புரிந்துகொள்வார்கள். அதையும் இந்த இயக்ககமே நடத்துகிறது.

மதுரையில் சிம்மக்கல், கோரிப்பாளையம், அண்ணா நகர் என்று எந்தப் பக்கம் போனாலும் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டின் பலகை கண்ணில் படும், திருமங்கலத்திலும் இருக்கும். தட்டச்சுக்கு எந்தப் பயிலகமும் ஏறத்தாழ ஒன்றுதான். இயந்திரங்கள் பழுதின்றி இருக்கின்றனவா, ரிப்பனை நேரத்துக்கு மாற்றுகிறார்களா, ஒரு மணி நேரம் முழுதாக உட்கார இடம் கிடைக்குமா என்று பார்த்தால் போதும். சுருக்கெழுத்துக்கு அப்படியல்ல. பலகையில் 'தட்டச்சு, சுருக்கெழுத்து' என்று எழுதியிருக்கும்; உள்ளே போய் விசாரித்தால் சுருக்கெழுத்துக்கு ஆசிரியர் இருக்கமாட்டார், அல்லது ஆங்கிலம் மட்டும் சொல்லித்தருவார். தமிழ்ச் சுருக்கெழுத்தை முதுநிலை வரை நடத்தும் ஆசிரியர் யார், அவர் நாள்தோறும் வாய்விட்டுப் படித்து டிக்டேஷன் கொடுக்கிறாரா, அல்லது ஒலிப்பதிவை ஓடவிட்டுப் போய்விடுகிறாரா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு சேருங்கள். திருமங்கலத்தில் அப்படி ஒருவர் கிடைக்கவில்லையென்றால், பேருந்தில் மதுரைக்கு வந்துபோகும் அலைச்சல் வீண்போகாது.

எந்த மொழியை முதலில் தொடங்குவது என்பதில் என் கருத்து பெரும்பாலான பயிலகங்களின் வழக்கத்துக்கு மாறானது. ஆங்கிலத்தில் தொடங்கிப் பின்னர் தமிழுக்கு வரச் சொல்வார்கள். 1837இல் ஐசக் பிட்மன் வெளியிட்ட, ஒலிகளைக் கோடுகளாக எழுதும் முறையின் கோடுகளே தமிழ்ச் சுருக்கெழுத்துக்கும் அடிப்படை என்பதால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் தமிழ்வழியில் படித்த பிள்ளைகள் ஆங்கிலச் சொல்லின் ஒலியைப் பிரித்தறியும் முன்பே கோடுகளோடு மல்லுக்கட்டி, மூன்றாம் மாதத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிடுகிறார்கள். உங்கள் மகள் தமிழ்த் தட்டச்சையும் தமிழ்ச் சுருக்கெழுத்தையும் முதலில் எடுக்கட்டும். 'ய ள ன க ப' என்று விரல் பழகியபின் ஆங்கிலத் தட்டச்சைச் சேர்த்துக்கொள்ளட்டும். தமிழில் இளநிலை கைக்கு வந்த பிறகு ஆங்கிலச் சுருக்கெழுத்துக்குப் போகட்டும். ஆங்கிலத்தை விட்டுவிடலாம் என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். கீழமை நீதிமன்றங்களின் மொழி தமிழ் என்று மாநில ஆட்சிமொழிச் சட்டம் சொன்னாலும், தீர்ப்பை ஆங்கிலத்தில் சொல்லும் நீதிபதிகள் பலர் உண்டு. உயர் நீதிமன்ற நடவடிக்கைகளோ அரசமைப்புச் சட்டத்தின் 348ஆம் பிரிவின்படி ஆங்கிலத்தில்தான் நடக்கின்றன.

காலம் எவ்வளவு என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு மொழித் தட்டச்சை இளநிலையிலிருந்து முதுநிலைக்குக் கொண்டுவர ஓராண்டு போதும். சுருக்கெழுத்தில் அப்படிக் கணக்குச் சொல்ல முடியாது. நாள் தவறாமல் உட்கார்ந்தால் இரண்டு மொழியிலும் முதுநிலை முடிக்க மூன்று ஆண்டு ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை ஒரு கல்லூரிப் படிப்போடு சேர்த்துச் செய்வதே புத்திசாலித்தனம். காலையிலோ மாலையிலோ பயிலகம், பகலில் கல்லூரி என்று வைத்துக்கொண்டால், பட்டமும் சான்றிதழ்களும் ஒரே காலத்தில் கைக்கு வரும். பட்டம் ஏன் என்றால், பத்தாம் வகுப்போடு கிடைக்கும் பணிகளுக்கு மேலே ஏற அது தேவைப்படும்.

பணிகள் எவை என்றும் சொல்லிவிடுகிறேன். மாவட்ட நீதிமன்றங்களில் உள்ள சுருக்கெழுத்துத் தட்டச்சர் பணியிடங்கள் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வின் வழியே நிரப்பப்படுகின்றன. பொதுக் கல்வித் தகுதி பத்தாம் வகுப்பு. தொழில்நுட்பத் தகுதியில், தட்டச்சு, சுருக்கெழுத்து இரண்டிலும் தமிழ், ஆங்கிலம் ஆகிய இரு மொழியும் முதுநிலை முடித்தவர்களுக்கு முதல் இடம். ஒரு மொழியில் முதுநிலையும் மற்றதில் இளநிலையும் முடித்தவர்கள் அதற்கு அடுத்த நிலையில் வருகிறார்கள். தேர்வில் 200 வினாக்கள், 300 மதிப்பெண். அதில் 100 வினா தமிழ்த் தகுதிப் பகுதி, அதில் 40 விழுக்காடு எடுக்காவிட்டால் மற்ற விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். ஊதிய நிலை 20,600 ரூபாயில் தொடங்குகிறது. அகவிலைப்படியும் மற்றப் படிகளும் தனி. இளநிலை உதவியாளர் பணிக்கு லட்சக்கணக்கானோர் மோதும் அதே தேர்வில், சுருக்கெழுத்துச் சான்றிதழ் வைத்திருப்பவருக்குப் போட்டி வெகுவாகக் குறைந்துவிடுகிறது என்பது இந்த வழியின் பெரிய அனுகூலம்.

2004 ஜூலை 24 முதல் இயங்கிவரும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, ஒத்தக்கடை அருகே உங்கள் ஊரிலிருந்து போய்வரும் தொலைவில்தான் இருக்கிறது. அங்கே நீதிபதிகளின் நேர்முக உதவியாளர் போன்ற பணிகளுக்குப் பட்டமும் இரு மொழி முதுநிலையும் எதிர்பார்க்கப்படும். தில்லிக்குப் போகத் துணிந்தால் உச்ச நீதிமன்றத்தில் நேர்முக உதவியாளருக்கு ஆங்கிலச் சுருக்கெழுத்தில் நிமிடத்துக்கு 100 சொல், முதுநிலை நேர்முக உதவியாளருக்கு 110, கோர்ட் மாஸ்டருக்கு 120. மத்திய பணியாளர் தேர்வாணையமான எஸ்.எஸ்.சி. நடத்தும் ஸ்டெனோகிராபர் தேர்வு பிளஸ் டூ முடித்தவர்களுக்கானது; அது நீதிமன்ற வேலையன்று, மத்திய அரசு அலுவலக வேலை, ஆனாலும் அதே கைத்தொழில்தான். ஐ.டி.ஐ.யில் ஓராண்டு ஸ்டெனோகிராபர் பிரிவும் உண்டு. அந்தச் சான்றிதழ் மத்திய அரசு, தனியார் வேலைகளுக்குக் கைகொடுக்கும் என்றாலும், நம் மாநில நீதிமன்றப் பணிக்கு மேலே சொன்ன அரசுத் தொழில்நுட்பத் தேர்வுகளையே எழுத வேண்டும்.

கேள்வி: தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் தட்டச்சு ஹையர் முடித்துவிட்டேன். ஆங்கிலச் சுருக்கெழுத்து இளநிலையும் தேறிவிட்டேன். ஆனால் முதுநிலை மட்டும் பிடிபடவில்லை. சொல்லும்போது எழுதிவிடுகிறேன், திரும்பப் படிக்கும்போது பாதி புரியவில்லை. இன்னும் வேகமாக எழுதப் பழக வேண்டுமா?
– ஓர் இளைஞர், மேலூர்

பதில்: வேண்டாம் தம்பி. உங்கள் குறை வேகத்தில் இல்லை. எஸ்.எஸ்.சி. தேர்வை வைத்து ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். உயர்ந்த பிரிவான 'சி' பிரிவுக்கு நிமிடத்துக்கு 100 சொல் வீதம் 10 நிமிடம், அதாவது 1000 சொல் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் அதைக் கணினியில் பெயர்த்து அடிக்க 40 நிமிடம் தருகிறார்கள். நிமிடத்துக்கு 25 சொல் அடித்தால் போதும். நம் லோயர் தேர்வின் 30 சொல்லைவிடக் குறைவு! இருந்தும் கூடத்திலிருந்து பாதிப் பேர் முகம் வாடி வெளியே வருகிறார்கள் என்றால், தாம் எழுதியதைத் தாமே படிக்க முடியாததுதான் காரணம்.

பிட்மன் முறையில் 'ப'வுக்கு (ஆங்கில P) மெல்லிய கோடு, அதே சாய்வில் அழுத்திப் போட்டால் அதன் இணையான ஆங்கில B ஒலி. உயிரொலிக்குப் புள்ளியும் சிறு கீற்றும். வேகத்தில் அவற்றை விட்டுவிட்டு, கோடு வரிக்கு மேலே நிற்கிறதா, வரிமேல் நிற்கிறதா, வரியை வெட்டிச் செல்கிறதா என்பதைக் கொண்டே உயிரொலியை ஊகிக்க வேண்டும். 80 சொல் வரை தடித்த கோடும் மெல்லிய கோடும் தெளிவாக விழும், இடமும் பிசகாது. 100ஐத் தாண்டும்போது எல்லாக் கோடுகளும் ஒரே தடிமனில், வரிமேலேயே போய் உட்கார்ந்துகொள்கின்றன. உங்களுக்கு நேர்ந்திருப்பது இதுதான். எனவே இரண்டு வாரத்துக்கு 120 சொல் டிக்டேஷனை நிறுத்திவிட்டு, 70 அல்லது 80க்கு இறங்கி வந்து, ஒவ்வொரு கோட்டையும் அழுத்தமும் இடமும் பிசகாமல் எழுதுங்கள். எழுதியதை அன்றைக்கே பெயர்ப்பதோடு நிறுத்தாமல், மூன்று நாள் கழித்து அதே குறிப்பைத் திறந்து வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். அன்றைக்குப் படிக்க முடிவது நினைவாற்றலின் உதவியால். மூன்றாம் நாள் படிக்க முடிந்தால்தான் உங்கள் எழுத்து நன்றாக இருக்கிறது என்று பொருள். நீதிமன்றத்தில் திங்களன்று சொன்ன தீர்ப்பை வியாழனன்று அடிக்க நேர்வது சாதாரணம்.

சட்டச் சொற்களுக்கு இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. 'பிராசிகியூஷன்', 'பெர்சிகியூஷன்' என்ற இரு சொற்களுக்கும் மெய்யொலிகள் ஒன்றே. கோட்டை ஒரே மாதிரிப் போட்டால் குற்ற வழக்குத் தொடுத்தது கொடுமைப்படுத்தியதாக மாறிவிடும். இப்படிப்பட்ட இணைகளுக்கு வேறுபட்ட வடிவங்களைப் பிட்மன் பாடநூலே பட்டியலிட்டுத் தருகிறது. பெரும்பாலோர் அந்தப் பாடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நீங்கள் அதை மனப்பாடம் செய்யுங்கள். 'மனுதாரர் தரப்புக் கற்றறிந்த வழக்கறிஞர்' என்பது போல ஒவ்வொரு தீர்ப்பிலும் வரும் தொடர்களைப் பேனாவை எடுக்காமல் ஒரே இழுப்பில் எழுதப் பழகிவிட்டால், அங்கே மிச்சமாகும் நொடியில் அடுத்த வாக்கியத்தைக் கேட்டுக்கொள்ளலாம். பயிற்சிக்குச் செய்தித்தாள் தலையங்கத்தை மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் அதன் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் ஒரு பக்கத்தை நண்பர் ஒருவரைப் படிக்கச் சொல்லி எழுதுங்கள்.

தேர்வில் சீரான வேகத்தில் படிப்பார்கள்; நீதிபதி அப்படிச் சொல்லமாட்டார் என்பதையும் இப்போதே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஆவணத்தைப் புரட்டும்போது இரண்டு நிமிடம் மௌனமாக இருப்பார், பிறகு மூச்சுவிடாமல் ஒரு பத்தி சொல்வார், நடுவில் 'முந்தைய வாக்கியத்தை அடித்துவிட்டு இப்படி எழுதுங்கள்' என்பார். குறிப்பேட்டின் இடப்பக்கம் ஓர் ஓரம் விட்டு, திருத்தங்களை அங்கே குறித்து, எந்த வரிக்கு உரியது என்று ஓர் அடையாளம் போடும் பழக்கத்தை இப்போதிலிருந்தே வைத்துக்கொண்டால் பின்னர் தடுமாற்றம் இராது.

கேள்வி: மதுரையில் ஒரு தனியார் மையத்தில் 'கோர்ட் ரிப்போர்ட்டிங் டிப்ளமா' என்று ஆறு மாதப் படிப்புக்குப் பெருந்தொகை கேட்கிறார்கள். முடித்தால் ஹைகோர்ட் கிளையில் வேலை உறுதி என்கிறார்கள். சேரலாமா?
– வாசகர், வாடிப்பட்டி

பதில்: சேர வேண்டாம். நீதிமன்றப் பணியிடங்கள் அறிவிக்கை வெளியிட்டு, தேர்வு நடத்தி, இடஒதுக்கீட்டு விதிகளின்படி நிரப்பப்படுபவை; அவற்றை உறுதியளிக்க எந்தத் தனியாருக்கும் அதிகாரமில்லை. அரசுத் தொழில்நுட்பத் தேர்வுச் சான்றிதழைத் தவிர வேறெந்தக் காகிதமும் அந்த விண்ணப்பத்தில் எடுபடாது. முன்பணம் கட்டிவிட்டிருந்தால் ரசீதைப் பத்திரப்படுத்தி, எழுத்து மூலமாகத் திருப்பிக் கேளுங்கள். தராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது.

கேள்வி: வெளிநாட்டு நீதிமன்றங்களில் பயன்படும் அந்த ஸ்டெனோடைப் இயந்திரத்தை இங்கே கற்க முடியுமா? வீட்டிலிருந்தே வெளிநாட்டு வேலை செய்ய வாய்ப்பு உண்டா?
– கல்லூரி மாணவி, திருப்பரங்குன்றம்

பதில்: அந்த இயந்திரத்தில் 22 விசைகள் மட்டுமே உண்டு. நம் தட்டச்சில் போல எழுத்தெழுத்தாக அடிக்காமல், வீணையில் பல தந்திகளை ஒருசேர மீட்டுவது போலப் பல விசைகளை ஒரே சமயத்தில் அழுத்தி ஓர் அசையையோ முழுச் சொல்லையோ பதிப்பார்கள். அதனால்தான் 225 சொல் வேகம் கைகூடுகிறது. நம் நீதிமன்றங்களின் பணித் தகுதிகளில் இந்த இயந்திரத்துக்கு இடமில்லை. இதற்கான அரசுத் தேர்வும் இங்கே இல்லை. ஆர்வத்துக்குக் கற்க விரும்பினால் பணம் செலவழிக்கத் தேவையில்லை. 'புளோவர்' என்ற கட்டற்ற மென்பொருள் இருக்கிறது. பல விசைகளை ஒரே நேரத்தில் ஏற்கும் கணினி விசைப்பலகை ஒன்று இருந்தால் அதில் பழகலாம். ஆனால் அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் உரிமமோ சான்றோ கேட்கப்படுவதாலும், அந்த வேலையில் பெரும்பகுதி அவையிலோ வழக்கறிஞர் அலுவலகத்திலோ நேரில் இருந்து செய்வது என்பதாலும், அதை நம்பி இங்கே மூன்றாண்டைச் செலவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வீட்டிலிருந்து செய்யக்கூடியது சட்ட ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் வேலை. அதற்குச் சுருக்கெழுத்து தேவையில்லை. பிழையற்ற ஆங்கிலமும், பல வகை உச்சரிப்புகளைப் புரிந்துகொள்ளும் காதும், 60 சொல்லுக்குக் குறையாத தட்டச்சு வேகமும் வேண்டும். வேலை தருவதாகச் சொல்லி முதலில் உங்களிடம் வைப்புத்தொகை கேட்பவர்களை மட்டும் அண்டவிடாதீர்கள்.

கேள்வி: எனக்கு 38 வயது. திருமணத்துக்கு முன்பே தமிழ்த் தட்டச்சு ஹையர், ஆங்கிலம் லோயர் முடித்தேன். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். இனிமேல் சுருக்கெழுத்துப் படித்துப் பயன் உண்டா?
– குடும்பத் தலைவி, உசிலம்பட்டி

பதில்: குரூப் 4 தேர்வின் வயது வரம்பு வகுப்புக்கும் கல்வித் தகுதிக்கும் ஏற்ப மாறுகிறது. ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் ஆதரவற்ற விதவையருக்கும் தளர்வுகள் உண்டு. ஒதுக்கீட்டுப் பிரிவினர் குறைந்தபட்சத் தகுதிக்கு மேல் படித்திருந்தால் மேலும் சலுகை கிடைக்கும். உங்கள் சாதிச் சான்றிதழையும் படிப்புச் சான்றிதழையும் வைத்துக்கொண்டு அண்மைய அறிவிக்கையின் வயது வரம்புப் பத்தியை வரிவரியாகப் படியுங்கள். பலர் '32 தாண்டிவிட்டது' என்று தாமே முடிவுகட்டி விண்ணப்பிக்காமல் இருந்துவிடுகிறார்கள்.

அரசுப் பணி அமையாவிட்டாலும் உங்கள் கையில் உள்ள தமிழ் ஹையருக்கு உசிலம்பட்டி நீதிமன்ற வாசலிலேயே மதிப்பு இருக்கிறது. உரிமையியல் வழக்குகளில் சாட்சியின் முதல் விசாரணை இப்போது கூண்டில் நடப்பதில்லை. நிரூபண வாக்குமூலம் என்று தட்டச்சு செய்து தாக்கல் செய்யப்படுகிறது. வழக்குரை, எதிர்வழக்குரை, இடைக்கால மனு, அதற்குப் பிரமாண வாக்குமூலம், அட்டவணைச் சொத்து விவரம் என்று ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் நாள்முழுதும் தமிழ்த் தட்டச்சு வேலை நடக்கும். ஆனால் பழைய இயந்திரத்தில் பழகிய விரல்கள் கணினியில் யூனிகோடுக்கு மாற வேண்டும். கணினிக்கென்று வந்த தமிழ்99 விசையமைப்புக்கு மாறத் தேவையில்லை. பழைய தட்டச்சு விசையமைப்பையே கணினியில் நிறுவிக்கொள்ளலாம், ஓரிரு வாரத்தில் கை பழகிவிடும். நான்கெல்லையும் சர்வே எண்ணும் பிழையில்லாமல் அடிப்பவர் என்று பெயர் வாங்கிவிட்டால் வேலை தானே தேடி வரும். சுருக்கெழுத்து அதற்குப் பிறகு, விருப்பமிருந்தால்.

கேள்வி: பேசுவதைக் கணினியே எழுத்தாக்கிவிடும் காலத்தில் இந்தப் படிப்பெல்லாம் எதற்கு? என் மகனை இதில் சேர்ப்பது அவன் எதிர்காலத்தைக் கெடுப்பதாகாதா?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், திருநகர்

பதில்: நியாயமான கவலை. உச்ச நீதிமன்றம் 2023 பிப்ரவரி 21 அன்று அரசமைப்பு அமர்வின் விசாரணையைச் செயற்கை நுண்ணறிவின் துணையோடு உடனுக்குடன் எழுத்தாக்கித் திரையில் காட்டத் தொடங்கியது. கேரள உயர் நீதிமன்றமோ, விசாரணை நீதிமன்றங்களில் சாட்சியத்தைக் குரல்வழி எழுத்தாக்கும் கருவியைக் கொண்டு பதிவுசெய்ய வேண்டும் என்று 2025 நவம்பர் 1 முதல் நடைமுறைப்படுத்தியது. இந்த அலை வைகையைத் தாண்டாமல் நிற்கும் என்று சொல்ல நான் தயாரில்லை.

ஆனால் இந்த வேலையின் எந்தப் பகுதியைக் கணினி எடுத்துக்கொள்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். தெளிவாக, ஒருவர் மட்டும், ஒலிவாங்கியின் முன் அமர்ந்து சொல்வதை அது நன்றாகவே எழுதிவிடுகிறது. தீர்ப்பைச் சொல்லி எழுதச் செய்யும் வேலை அதனால் குறையும். மேலூர்ப் பக்கத்து முதியவர் ஒருவர் கூண்டில் நின்று, வழக்கறிஞர் இருவர் ஒரே நேரத்தில் எழுந்து ஆட்சேபிக்க, தம் வட்டார வழக்கில் சொல்லும் பதிலை 'சொன்னால் சரியல்ல' என்ற நீதிமன்ற வாக்கியமாக மாற்றுவது வேறு காரியம். கணினி எழுதித் தந்ததையும் யாராவது ஒருவர் சொல்சொல்லாகச் சரிபார்த்தால்தான் நீதிபதி கையெழுத்திட முடியும். அந்த ஒருவர் ஊர்ப்பேச்சும் சட்ட நடையும் இரண்டு மொழியும் அறிந்தவராக இருந்தாக வேண்டும். வெறும் தட்டச்சு மட்டும் தெரிந்தவருக்கு இனி நெருக்கடிதான். அதை மறைத்துச் சொல்ல மாட்டேன். உங்கள் மகன் இந்த வழியை எடுத்தால் சுருக்கெழுத்தோடு நிறுத்தாமல் ஒரு பட்டமும், முடிந்தால் சட்டப் படிப்பும் சேர்த்துக்கொள்ளட்டும். நீதிமன்றத்துக்கு வெளியேயும் இடம் உண்டு: சட்டமன்றப் பேரவைச் செயலகத்துக்கு, அவையில் பேசுவதைச் சொல்லுக்குச் சொல் எழுதும் நிருபர்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் தேவைப்படுகிறார்கள், நாடாளுமன்ற நிருபர் பணிக்குச் சுருக்கெழுத்தில் நிமிடத்துக்கு 160 சொல் கேட்கிறார்கள். அந்த வேகத்தை எட்டியவர் நாடு முழுவதிலும் குறைவு.

கேள்வி: நான் விரும்புவது நீதிமன்றச் செய்திகளைப் பத்திரிகைக்கு எழுதும் வேலை. அதற்கும் இதே படிப்புதானா?
– மாணவர், நாகமலைப் புதுக்கோட்டை

பதில்: இல்லை. உங்கள் ஊருக்கு அருகிலேயே மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இதழியல் துறை இருக்கிறது. அந்தப் படிப்பும், அதைவிட முக்கியமாகச் சட்டத்தின் அடிப்படை அறிவும் வேண்டும். இடைக்கால உத்தரவையும் இறுதித் தீர்ப்பையும், நீதிபதி வாய்மொழியாகச் சொன்ன கருத்தையும் எழுதப்பட்ட ஆணையையும் வேறுபடுத்தத் தெரியாதவர் இந்தத் துறையில் முதல் வாரமே சிக்கிக்கொள்வார். போக்சோ வழக்கில் பாதிக்கப்பட்ட குழந்தையை அடையாளம் காட்டும் எந்த விவரமும் வெளியிடக்கூடாது என்பது போன்ற தடைகளையும் தெரிந்துகொள்ளுங்கள். சுருக்கெழுத்து தெரிந்திருந்தால் குறிப்பெடுக்க உதவும், கட்டாயமில்லை.

கேள்வி: எனக்கு இடது கைப் பழக்கம். சுருக்கெழுத்துக்கு இது தடையாகுமா?
– பள்ளி மாணவி, சோழவந்தான்

பதில்: ஆகாது. கோடுகளின் திசையை மாற்றாமல், புத்தகத்தில் உள்ளபடியே எழுதுங்கள். நோட்டை மட்டும் உங்கள் கைக்கு வசதியான பக்கம் சற்றுச் சாய்த்து வைத்துக்கொள்ளலாம். மேலே சுருள்கம்பி வைத்த குறிப்பேடும், மெல்லிய கோட்டுக்கும் தடித்த கோட்டுக்கும் ஈடுகொடுக்கும் மென்மையான பென்சிலும் வாங்குங்கள். மை காய நேரமாகும் பேனா உங்களுக்கு ஒத்துவராது, கை பட்டுக் கலைந்துவிடும்.